சீனாவின் அணு ஆயுதங்கள்: மாமனாரும் மாப்பிள்ளையும் கட்டிய பந்தயம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சீனா முதல் அணுகுண்டை வெடித்த செய்தி வந்தபோது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். அதன்பின் அரை நூற்றாண்டு இருநூறு சொச்சம் குண்டுகளோடு அடங்கியிருந்த நாடு, இப்போது பாலைவனத்தில் நூற்றுக்கணக்கில் குழி தோண்டி ஏவுகணைகளை இறக்குகிறது என்கிறார்கள். "முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு, தைவானைப் பிடிக்கத்தான் இவ்வளவும்" என்கிறார் என் மாப்பிள்ளை. அமெரிக்கா சுற்றி வளைத்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள் என்பது என் கட்சி. 2030-க்குள் ஆயிரம் குண்டுகள் சேரும் என்று அவர் பந்தயம் கட்டியிருக்கிறார். சேராது என்று நான். குழிகள் பாதி காலி என்றும், ஏவுகணைகளுக்குள் தண்ணீர் என்றும் வேறு படித்தேன். யார் சொல்வது சரி? நமக்கு இதனால் ஆபத்து கூடுகிறதா?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

பந்தயத்துக்கு என்னை நடுவராக்கியதற்கு நன்றி. ஆனால் எதை எண்ணுவது என்று பேசி முடிக்காமலே இருவரும் கைகொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வழக்கைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். என் பிழைப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. செயற்கைக்கோள் படங்களில் ஏவுகணைத் தளங்களைத் தேடுவதும், தேடக் கற்றதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ஆகவே தலைவர்கள் மேடையில் பேசுவதைவிட, மண்ணில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதையே அதிகம் நம்புவேன்.

'அடங்கியிருந்த நாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அடக்கத்துக்கு இயலாமை காரணம் அல்ல. 1964 அக்டோபர் 16 அன்று லாப் நூர் சோதனைத் தளத்தில் வெடித்த முதல் குண்டுக்குச் சீனர்கள் வைத்த குறியீட்டுப் பெயர் '596'. 1959-ஆம் ஆண்டு ஆறாம் மாதம் என்று பொருள். மாதிரிக் குண்டு தர முடியாது என்று சோவியத் ஒன்றியம் கைவிரித்த மாதம் அது. அவமானத்தையே பெயராகச் சூட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். அடுத்த 32 மாதங்களில், 1967 ஜூன் 17-இல், ஹைட்ரஜன் குண்டையும் வெடித்துவிட்டார்கள். முதல் குண்டிலிருந்து அந்த இடத்துக்கு வர அமெரிக்காவுக்கு ஏழு ஆண்டுகள், பிரான்ஸுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. (ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய சியென் சூசென் கலிபோர்னியாவில் ராக்கெட் ஆய்வுக்கூடம் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு ஐந்தாண்டு கண்காணிப்பில் வைத்திருந்து, 1955-இல் அமெரிக்காவே அவரைச் சீனாவுக்கு அனுப்பிவைத்தது. வகுப்பில் சொல்ல ஏற்ற கதை.)

இவ்வளவு வேகமாக ஓடியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அணுகுண்டைக் காகிதப் புலி என்று மாவோ 1946-இலேயே சொன்னதை வெறும் வீராப்பு என்று தள்ளிவிட முடியாது. தன்னை யாரும் குண்டைக் காட்டி மிரட்டக் கூடாது, அதற்குக் கொஞ்சம் குண்டுகள் போதும் என்பதுதான் அவருடைய கணக்கு. 1950-களில் தைவான் நீரிணை நெருக்கடிகளின்போது அமெரிக்காவும், 1969 எல்லை மோதலின்போது மாஸ்கோவும் அப்படி மிரட்டியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்காவை எட்டும் டிஎஃப்-5 ஏவுகணை 1981-இல் பணிக்கு வந்தது. இருபதாண்டுக்கும் மேலாக அந்த வகையில் ஏறத்தாழ இருபதைத் தாண்டாமலேதான் வைத்திருந்தார்கள். அதுவும் திரவ எரிபொருள் வகை. ஏவுவதற்கு முன் எரிபொருள் நிரப்பவே நேரம் பிடிக்கும். வெடிமுனைகள் (ஏவுகணையின் தலையில் வைக்கும் குண்டுகள்) ஏவுகணையில் பொருத்தப்படாமல் தனியே இருந்தன. பெரும்பகுதி ஷான்ஷி மாநிலத்தின் சின்லிங் மலைகளுக்குள் குடைந்த கிடங்கில். துப்பாக்கி ஒரு வீட்டிலும் தோட்டா இன்னொரு வீட்டிலும் இருந்ததுபோல.

இந்தப் பழைய ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீனா மாறிவிட்டதா என்று அளக்க என்னிடம் இருக்கும் கோல் அதுதான்.

உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும் ஆதாரத்தை முதலில் தருகிறேன். 1972-இல் அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தி ஓர் ஒப்பந்தம் செய்தன. 2002-இல் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறி, அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் தடுப்பு ஏவுகணைகளை நிறுத்தத் தொடங்கியது. இன்று அவை 44. வடகொரியாவுக்காக மட்டுமே என்று வாஷிங்டன் சொன்னது. பெய்ஜிங்கில் உட்கார்ந்து பாருங்கள். கையில் இருப்பது ஒரே இடத்தில் நிற்கும் இருபது ஏவுகணைகள். எதிரி முந்திக்கொண்டு தாக்கி பதினேழை அழித்துவிட்டான் என்று வையுங்கள். மிச்சம் மூன்று. அந்த மூன்றைப் பிடிக்க அங்கே 44 காத்திருக்கின்றன. பதிலடி என்ற பேச்சுக்கே இடமில்லை. தடுப்பு ஏவுகணைகள் சோதனையில் எத்தனை முறை குறி தவறின என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் போடும் தளபதிக்கு ஆறுதல் தராது. அவர் மோசமானதை எண்ணிப் பார்க்கவே சம்பளம் வாங்குகிறவர். 2025-இல் அதிபர் டிரம்ப் 'தங்கக் கவிகை' என்ற பெயரில் நாடு முழுவதையும் மூடும் தடுப்பு அமைப்பை அறிவித்தபோது அந்தக் கணக்கு இன்னும் இறுகியிருக்கும்.

ஆனால் ஐயா, இந்த விளக்கம் முழுத் தூரம் வராது. பதிலடித் திறனைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், அதற்கான மருந்தைச் சீனா ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தது. லாரியில் ஏறி ஊர் ஊராக மாறும் திட எரிபொருள் ஏவுகணைகள் வந்துவிட்டன. ஜின் வகை அணுசக்தி நீர்மூழ்கிகள் ஆறு, ஒவ்வொன்றும் 12 ஏவுகணைகளோடு. இரண்டும் ஒளிந்துகொள்ளக் கூடியவை. அவ்வளவும் இருக்கும்போது, ஒளியவே முடியாத நிலையான குழிகளை ஏறத்தாழ 320 ஒரே மூச்சில் தோண்டுவானேன்? இங்கே மாப்பிள்ளைக்குப் பேச இடம் கிடைக்கிறது.

அந்தக் குழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் தொழில் அது என்பது ஒரு காரணம். தொலைக்காட்சி விவாதங்களில் அவை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது இன்னொன்று.

2021 ஜூன் இறுதியில் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் ஓர் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லூயிஸும் டெக்கர் எவெலெத்தும், கான்சு மாநிலத்தில் யூமென் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 120 குழிகளைக் கண்டதாக அறிவித்தார்கள். உளவுத்துறைப் படங்கள் அல்ல, பணம் கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய வணிகச் செயற்கைக்கோள் படங்கள். ஒரு மாதத்துக்குள் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பின் மாட் கோர்டாவும் ஹான்ஸ் கிறிஸ்டென்சனும் கிழக்கு ஷின்ஜியாங்கின் ஹாமி அருகே இரண்டாவது குழி வயலைக் கண்டார்கள், ஏறத்தாழ 110. ஆகஸ்டில் உள் மங்கோலியாவின் ஆர்டோஸ் பக்கம் மூன்றாவது. உங்கள் பழைய அட்லஸில் யூமெனைத் தேடினால் சீனப் பெருஞ்சுவரின் மேற்கு முனையான ஜியாயுகுவானைப் பிடித்துக்கொண்டு இன்னும் வடமேற்கே போங்கள். பட்டுப் பாதை போன வழி. யூமென் என்றால் பச்சைக்கல் (ஜேட்) வாசல் என்று பொருள்.

படத்தில் என்ன தெரிகிறது என்றால், முதலில் ஒன்றும் தெரியாது. சாம்பலும் காவியும் கலந்த மண், காய்ந்த ஓடைகளின் தடம், அவ்வளவுதான். பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கினால் அது ஒரு கல்யாண மண்டபத்தை மூடும் அளவுள்ள கூடாரம். கீழே தோண்டும் வேலையை வானத்திலிருந்து மறைக்கக் காற்றடைத்து நிறுத்தியது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. அதிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இன்னொன்று. அந்தச் சீரான இடைவெளியைப் பார்த்ததுமே முதுகு நிமிர்ந்துவிடும். ஒரே குண்டில் இரண்டு குழிகள் போய்விடக் கூடாது என்று யோசித்தவர்கள் மட்டுமே அப்படி இடம் விடுவார்கள். நீண்ட வாகனங்கள் திரும்புவதற்காக அகலமாக வளைத்த சாலைகள், தகவல் கம்பி புதைக்கும் நீண்ட பள்ளங்கள், வேலிகள். அதே மாதிரிக் கூடாரங்கள் இதற்கு முன்பே உள் மங்கோலியாவின் ஜிலன்டாய் பயிற்சித் தளத்தில் அடையாளம் காணப்பட்டிருந்தன. கைரேகை ஒத்துப்போனது.

அவை காற்றாலைகள் என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. கான்சுவில் காற்றாலைகள் உண்மையிலேயே ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் காற்றாலைக்கு அடித்தளம் போடுகிறவன் அதன்மேல் கூடாரம் போட்டு மறைக்க மாட்டான்.

சரி, காலியா இல்லையா? வானத்திலிருந்து பார்த்தால் மூடிய குழிக்குள் இருப்பது தெரியாது. தெரியக் கூடாது என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாக இருக்கலாம். மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து ஒன்றுக்குள் மட்டும் பட்டாணியை ஒளிக்கும் வித்தைக்காரனைப் பார்த்திருப்பீர்கள். 1979-இல் அமெரிக்கா இதையே செய்யப் பார்த்தது. கார்ட்டர் ஆட்சியில் 200 ஏவுகணைகளை நெவாடா, யூட்டா மாநிலங்களில் 4,600 மறைவிடங்களுக்கு இடையே மாற்றி மாற்றி வைக்கத் திட்டம் போட்டார்கள். ரீகன் வந்து 1981-இல் அதைக் கைவிட்டார். சீனாவின் 320 குழிகளில் பாதி காலியாகவே இருந்தாலும், எது காலி என்று தெரியாத எதிரி எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு வெடிமுனை என்று கொண்டால் 640 போய்விடும். ரஷ்யாவுடனான கடைசி ஒப்பந்தப்படி அமெரிக்கா நிறுத்திவைக்க இருந்த உச்சவரம்பே 1,550. ஆக, காலிக் குழியும் வேலை செய்கிறது. குழி காலி என்று சொல்லிச் சீனாவைக் கேலி செய்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். முழுவதும் காலியாகவும் இல்லை: மூன்று வயல்களிலும் சேர்த்து 100-க்கு மேற்பட்ட ஏவுகணைகள் ஏற்றப்பட்டிருக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2025 இறுதியில் மதிப்பிட்டது.

தண்ணீர்க் கதைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில், அமெரிக்க உளவு மதிப்பீட்டை மேற்கோள் காட்டி, சில ஏவுகணைகளில் எரிபொருளுக்குப் பதில் தண்ணீர் இருந்ததாகவும், ஒரு வயலில் குழி மூடிகள் சரியாகத் திறக்கவில்லை என்றும் செய்தி வந்தது. மூடிகளைப் பற்றியதை நம்பலாம். அவ்வளவு அவசரமாகக் கட்டினால் ஒப்பந்தக்காரர் கைவரிசை எந்த நாட்டிலும் இருக்கும். தண்ணீர் விஷயம் எனக்கு நெருடுகிறது. புதிய குழிகளில் இறங்குபவை திட எரிபொருள் ஏவுகணைகள். எரிபொருள் ஆலையிலேயே வார்க்கப்பட்டு உள்ளே உறைந்திருக்கும். தண்ணீர் ஊற்ற அங்கே தொட்டியே இல்லை. பழைய டிஎஃப்-5 வகையில் நடந்திருக்கலாம், அல்லது ஏதோ மரபுத்தொடர் மொழிபெயர்ப்பில் தண்ணீராகியிருக்கலாம். ஊழல் நடந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 2023-இல், சீனாவின் ஏவுகணைகளைக் கையாளும் ராக்கெட் படையின் தளபதி லி யூசாவ் நீக்கப்பட்டு, கடற்படையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தப் படையின் முதல் தளபதியாக இருந்து பாதுகாப்பு அமைச்சரான வெய் ஃபெங்ஹேயும், அவருக்குப் பின் அமைச்சரான லி ஷாங்ஃபுவும் 2024 ஜூனில் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். தன் படையை நம்பாத தலைவர் ஒருவர் அந்தப் படையின் கையில் மேலும் மேலும் அணு ஆயுதங்களைக் கொடுக்கிறார். இந்த முரண்பாட்டுக்கு எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

தைவானைப் பற்றி மாப்பிள்ளை சொல்வதில் பாதி உண்மை உண்டு. உக்ரைனில் ரஷ்யா அணு ஆயுதத்தைக் காட்டி மேற்கு நாடுகளை நேரடியாக இறங்கவிடாமல் தடுத்ததைப் பார்த்துச் சீனா பாடம் கற்றது என்று பலர் எழுதுகிறார்கள். பாடம் கற்றிருக்கலாம். ஆனால் தேதியைப் பாருங்கள்: உக்ரைன் போர் 2022 பிப்ரவரியில், குழிகள் அதற்கு முந்தைய ஆண்டே தோண்டப்பட்டுக்கொண்டிருந்தன. முடிவு அதற்கும் முன்னால் எடுக்கப்பட்டிருக்கும். தைவான் ஒரு காரணம், பெருமை இன்னொன்று. 2049-க்குள் உலகத் தரம் வாய்ந்த படை என்பது ஷி ஜின்பிங் வைத்திருக்கும் இலக்கு. பெரிய வல்லரசு பெரிய வல்லரசைப் போல ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் எவ்வளவு என்பதைப் படத்தைப் பார்த்து அளக்க முடியாது. 2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் நடந்த அணிவகுப்பில் வானிலிருந்தும் கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் ஏவும் அணு ஏவுகணைகளை முதல் முறையாக ஒருசேர ஊர்வலம் விட்டார்கள். ஒளித்து வைப்பதே பலம் என்றிருந்த நாடு அது. 2024 செப்டம்பர் 25 அன்று பசிபிக் பெருங்கடலில் ஒரு நீள்தூர ஏவுகணையைப் பாய்ச்சிக் காட்டியது. அப்படிச் செய்தது 1980-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

இனி அந்த வாக்குறுதி. 'எந்த நேரத்திலும் எந்தச் சூழலிலும் முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்று 1964-இல் முதல் குண்டை வெடித்த அன்றே சீனா அறிவித்தது. இன்றுவரை அதை விலக்கிக்கொள்ளவில்லை. நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: அந்த வாக்கை மீற எவ்வளவு நேரம் ஆகும்? வெடிமுனை மலைக்குள்ளும் ஏவுகணை வேறு மாநிலத்திலும் இருந்த காலத்தில், மீற வேண்டும் என்று நினைத்தாலும் ரயிலும் லாரியும் ஓட வேண்டும், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வாக்குக்கு அந்த ஏற்பாடே ஜாமீன். இப்போது அந்த ஜாமீன் கரைகிறது. குழியில் திட எரிபொருள் ஏவுகணையை நிறுத்தி வெடிமுனையையும் பொருத்திவிட்டால் மீறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். மீறப்போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது வாக்குமீறல் அல்ல, தவறுதலான பதிலடி. எதிரியின் ஏவுகணை வந்து விழும்வரை காத்திராமல், அது கிளம்பிவிட்டது என்று கருவி சொன்னதுமே பதிலுக்கு ஏவிவிடும் முறையை நோக்கிச் சீனா நகர்கிறது. விண்வெளியில் முன்னெச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள், தரையில் பெரிய ரேடார்கள். இதில் சீனாவுக்கு உதவுவதாக 2019-இல் புதினே சொன்னார். நிலையான குழிகளுக்கு இந்த முறை கட்டாயம்போல ஆகிவிடும். காத்திருந்தால் குழியோடு போய்விடும் அல்லவா? இந்த விளையாட்டில் மூத்தவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். 1983 செப்டம்பர் 26 நள்ளிரவில் மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பியதாகத் திரை மின்னியது. பிறகு இன்னும் நான்கு. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தை விடுவானா என்று யோசித்து, கருவிக் கோளாறு என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தின் மேல் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. சோவியத்துக்கு அமெரிக்காவோடு மோதிப் பழகிய பல ஆண்டு அனுபவம் அப்போது இருந்தது. அமெரிக்காவோடு அவசரத் தொலைத்தொடர்பு 1963-இலிருந்தே இருந்தது. ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் இருந்தன. சீனாவுக்கு அந்தப் பழக்கம் குறைவு. அமெரிக்காவோடு 2023 நவம்பரில் தொடங்கிய ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சையும், தைவானுக்கு ஆயுதம் விற்றதைக் காரணம் காட்டி 2024 ஜூலையில் நிறுத்திவிட்டது. "உங்களிடம் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கிறது, நீங்கள் முதலில் குறையுங்கள்" என்பது அதன் நிரந்தரப் பதில். நியாயம் இல்லாத பதில் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவையும் ரஷ்யாவையும் கட்டிப்போட்டிருந்த கடைசி ஒப்பந்தமே 2026 பிப்ரவரி 5-உடன் காலாவதியாகிவிட்ட நிலையில், பெய்ஜிங்குக்கு உபதேசம் செய்ய வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் முகம் வேண்டும்.

நமக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையால் அதிகம் இல்லை. இந்தியாவின் எந்த நகரத்தையும் எட்டும் ஏவுகணைகள் சீனாவிடம் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. யூமெனிலும் ஹாமியிலும் இறங்குபவை அமெரிக்காவை மனதில் வைத்தவை. நமக்கு அவ்வளவு தூரம் தேவையே இல்லை. அதற்காகச் சீனா ஆயிரம் வைத்தால் நாமும் ஆயிரம் வைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களை நம்பாதீர்கள். பதிலடி தப்பிப் பிழைக்குமா என்பதுதான் நம் கேள்வியும். அதற்குத்தான் 5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அக்னி-5, அதற்குத்தான் அரிஹந்த் வகை நீர்மூழ்கிகள். ஸ்டாக்ஹோமில் இருக்கும் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்கில் 2025 ஜனவரியில் இந்தியாவிடம் ஏறத்தாழ 180 குண்டுகள்.

நான் கவலைப்படும் ஏவுகணை வேறு. டிஎஃப்-26 என்று பெயர். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் செல்லும். அதன் தலையில் சாதாரண வெடிமருந்தையும் வைக்கலாம், அணுகுண்டையும் வைக்கலாம். எல்லையில் பதற்றம் முற்றும் ஒரு நாளில் அந்த லாரிகள் தளத்தைவிட்டு வெளியேறுவதை நம் செயற்கைக்கோள் பார்த்தால், தலையில் இருப்பது எது என்று யாரும் சொல்ல முடியாது. பார்ப்பவர் மோசமானதையே எண்ணுவார். இதைப் பற்றிப் பேச இரு நாடுகளுக்கும் இடையே ஒழுங்கான மேடையே கிடையாது. இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டித்து 1998 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1172-ஆம் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவை அணு ஆயுத நாடாக ஏற்று உட்கார்ந்து பேசச் சீனா மறுக்கிறது. முதலில் பயன்படுத்துவதில்லை என்று கொள்கை அறிவித்த இரண்டு அண்டை நாடுகள், அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை.

இனி உங்கள் பந்தயம். ஆயிரம் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணிப்பு. 2021-இலிருந்து சொல்லிவருகிறார்கள். சிப்ரி நிறுவனத்தின் கணக்கு, 2023 ஜனவரியில் 410, 2024-இல் 500, 2025-இல் 600. இதே வேகத்தில் போனால் மாப்பிள்ளை கெடுவுக்கு முன்பே ஜெயித்துவிடுவார். உங்களுக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கிறது: மூலப்பொருள். ஆயுதத்துக்கான புளூட்டோனியம் தயாரிப்பைச் சீனா 1990-ஐ ஒட்டி நிறுத்திவிட்டதாகக் கருதப்படுகிறது. கையிருப்பு ஏறத்தாழ 2.9 டன் என்பது வல்லுநர் மதிப்பீடு. ஒரு குண்டுக்கு நான்கு கிலோ என்றால் 700 சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் போகப் புதிய புளூட்டோனியம் வேண்டும். ஃபூஜியான் மாநிலத்தின் ஷியாபுவில் இரண்டு வேக ஈனுலைகளை (எரிப்பதைவிடக் கூடுதலாகப் புளூட்டோனியம் தரக்கூடிய அணு உலைகள்) எழுப்பியிருக்கிறார்கள். முதல் உலைக்கு எரிபொருள் கொடுத்தது ரஷ்யா. மின்சாரத்துக்கு என்கிறார்கள். கல்பாக்கத்து ஈனுலையைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வகை உலையின் மையத்தைச் சுற்றி வைக்கும் யுரேனியப் போர்வையில் உருவாகும் புளூட்டோனியம் ஆயுதத்துக்கு மிகவும் உகந்த தரத்தில் இருக்கும். சிவில் புளூட்டோனியக் கையிருப்பை ஆண்டுதோறும் தானாக முன்வந்து சர்வதேச அணுசக்தி முகமைக்குத் தெரிவித்துவந்த சீனா, 2017-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டது. அந்த உலைகள் எவ்வளவு சீக்கிரம், எதற்காக ஓடுகின்றன என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. என்னைக் கேட்டால் தராசு மாப்பிள்ளை பக்கம் சற்றுச் சாய்கிறது. ஓரிரு ஆண்டு தள்ளிப்போனால் நீங்கள் தப்பித்தீர்கள்.

ஆனால் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுங்கள். சிப்ரி ஆண்டறிக்கை ஜனவரிக் கணக்கை ஜூன் வாக்கில் வெளியிடும். ஆகவே 2031-ஆம் ஆண்டு அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அதன் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று மொத்தக் கையிருப்பு. மற்றொன்று ஏவுகணையில் பொருத்தி நிறுத்தியவை அல்லது தளத்திலேயே தயாராக இருப்பவை. நீங்கள் பேசிய ஆயிரம் முதல் பத்திக்கு உரியது என்று இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 2031-இல் வீட்டில் சண்டை வரும். ஏனென்றால் இரண்டாவது பத்தியில் சீனாவுக்கு நெடுங்காலம் பூஜ்யம்தான் இருந்தது. 2024 ஜனவரிக் கணக்கில்தான் சிப்ரி முதல் முறையாக அங்கே ஓர் எண்ணை எழுதியது: 24. பந்தயம் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த 24-இன் மேல்தான் கட்டியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.